காரின் கிளியர் கோட் பூச்சை வீட்டிலேயே அடித்துப் பளபளப்பாக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பானெட்டில் கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) உரிந்து வெள்ளைத் திட்டாக நிற்கிறது. ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்துப் பார்த்தீர்கள், சொரசொரவென்று மங்கலாக வந்தது. இனி ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி முறையாகக் கற்றுக்கொள்ளலாமா, எந்தக் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும் என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அடிக்கும்போது எப்படி வந்தாலும் அப்புறம் தேய்த்துச் சரிசெய்துவிடலாமா என்பதுதான் அது. காருக்குப் பெயிண்ட் அடிக்கும் தனி அறையான பெயிண்ட் பூத்தில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கற்றுக்கொள்ளலாம், ஒரு பானெட் வீட்டிலேயே நன்றாக வரும். ஆனால் பளபளப்பு கன்னிலிருந்தே வரவேண்டும். தேய்ப்பது என்றால் போட்ட கிளியரில் கொஞ்சத்தைத் திரும்ப எடுப்பது. எடுக்கிற அளவுக்கு அங்கே கிளியர் இருக்கிறதா என்பது அடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் உரிந்த இடத்தைப் பற்றி ஒரு கெட்ட செய்தி. உரிந்த ஓரங்களை மட்டும் தேய்த்துவிட்டு மேலே புதுக் கிளியர் அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிற்காது. கிளியருக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் கலந்திருக்கிறது. கீழே இருக்கும் நிறப் பூச்சான பேஸ் கோட்டுக்கு அதுதான் காப்பு. அது போனபின் பேஸ் கோட் வெயிலில் நேரடியாகக் கிடந்து வெளுத்து, மேல்பரப்பு மாவாகிவிடுகிறது. அதன்மேல் எந்தக் கிளியரும் ஒட்டி நிற்காது. இன்னும் உரியாமல் இருக்கும் கிளியரும் பக்கத்தில் பிடிப்பை இழந்துகொண்டிருக்கும். புதுக் கிளியரின் கரைப்பான் அந்த ஓரத்துக்குள் புகுந்தால் ஓரம் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். சுருங்காவிட்டாலும் வரைபடத்தில் தீவு போல அந்தக் கோடு தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பானெட் முழுவதும் பழைய கிளியரைத் தேய்த்து எடுத்து, தேவைப்படும் இடத்தில் அடிப்பூச்சான பிரைமர் போட்டு, புதிதாகப் பேஸ் கோட் அடித்து, அதன்மேல்தான் கிளியர். உங்கள் வேலை நீங்கள் நினைத்ததைவிடப் பெரியது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

டப்பாவில் அடித்தது ஏன் மங்கியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண டப்பாக்களில் வருவது பெரும்பாலும் ஒன்-கே கிளியர், அதாவது எதுவும் கலக்க வேண்டாத ஒற்றைப் பொருள். கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. அதனால் பிறகு பெட்ரோலோ தின்னரோ பட்டால் மறுபடியும் இளகும். ஒரு கோட்டில் படியும் தடிமனும் குறைவு. கார் பெயிண்டிங்கில் பயன்படுத்துவது டூ-கே. அக்ரிலிக் பிசினும் ஐசோசயனேட் ஹார்ட்னரும் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பிறகு வேதிவினை நடந்து படலம் இறுகுகிறது. அப்படி இறுகியது திரும்பக் கரையாது. டப்பாவிலும் டூ-கே கிடைக்கிறது. அடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்ட்னர் குப்பி உடைந்து கலந்துவிடும். அதற்குப் பிறகு பொருளைப் பொறுத்து ஓரிரு நாளுக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். பக்கக் கண்ணாடியின் கூடு, சின்ன மூடி மாதிரியான வேலைக்கு இது நன்றாகவே வரும். பானெட் அளவுக்கு வந்தால் டப்பாவிலிருந்து விசிறி போல விரியும் தூவல் குறுகலாக இருப்பதால், அடுத்த வரிசை அடிப்பதற்குள் முந்தைய வரிசையின் ஓரம் காய ஆரம்பித்துவிடுகிறது. அதற்குக் கன்தான் சரி.

டூ-கே என்று சொன்ன பிறகு நுரையீரலைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது அந்த வேலையையே நிறுத்திவிடும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ, டூ-கே அடிக்கும் வாகனப் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற தொழிலாளிகளைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம் என்று சொல்கிறது. ஆபத்து எங்கே என்றால், ஐசோசயனேட் வாசனை மூக்குக்கு எட்டும்போது அளவு ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருக்கும். நமக்குத் தெரியும் வாசனையெல்லாம் தின்னருடையது. ‘வாசனையே வரவில்லை, அதனால் மாஸ்க் வேலை செய்கிறது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. தூசிக்குப் போடும் காகித மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது.

முறையான பாதுகாப்பு, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் ஏர்-ஃபெட் மாஸ்க்தான். வீட்டில் பெரும்பாலானவர்கள் போடுவது கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் மாஸ்க். இது ஏர்-ஃபெட்டுக்கு ஈடு கிடையாது. கார்ட்ரிட்ஜ் எப்போது தீர்ந்தது என்று அது சொல்லாது என்பதுதான் அதன் பெரிய குறை. போடுகிறீர்கள் என்றால் முகத்தில் தாடி இருக்கக்கூடாது, ரப்பர் தோலோடு இடைவெளியில்லாமல் பதிய வேண்டும், கார்ட்ரிட்ஜ் புதிதாக இருக்க வேண்டும், வேலை ஒரு பானெட்டோடு முடிய வேண்டும். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் நைட்ரைல் கையுறை, முழுக்கை உடை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி எல்லாம் வேண்டும். கோட் அடித்து முடித்ததும் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மாஸ்க்கைத் தூக்குவது எல்லோரும் செய்கிற காரியம். அந்த நேரத்தில்தான் பெயிண்ட் மூடுபனி அறை முழுக்க நிறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியே வந்துதான் கழற்ற வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவர்கள் டூ-கே பக்கமே போகவேண்டாம் என்பது என் கருத்து. மற்றதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடிக்கும் இடமும் அதே மாதிரிதான். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். வாட்டர் ஹீட்டரின் சின்னச் சுடர், சாதாரண மின்விசிறி மோட்டாரின் பொறி இரண்டுமே போதும். மூடிய கராஜில் சன்னலில் ஒரு விசிறியை வைத்து ஆவியை அதன் மோட்டார் வழியாகவே வெளியே இழுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஏற்பாடு, அதைச் செய்யாதீர்கள். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். அடிக்கும் நேரத்திலும் அதற்குப் பிறகும் வீட்டில் குழந்தைகள் இருக்கக்கூடாது. காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் திறந்த கூரைக்குக் கீழே அடிப்பது, மூடிய அறையைவிட உடம்புக்கு நல்லது. ஒன்றிரண்டு பூச்சியோ தூசியோ விழும், விழட்டும். அதைத் தேய்த்து எடுக்கலாம்.

சரி, கருவிக்கு வருவோம். கடையில் கம்ப்ரஸர் வாங்கும்போது தொட்டியின் லிட்டரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தருகிறது என்பது. அதிகக் காற்றில் குறைந்த அழுத்தத்தோடு அடிக்கும் முழு அளவு எச்.வி.எல்.பி கன்னுக்கு நிமிடத்துக்கு 250 முதல் 400 லிட்டர் வரை காற்று வேண்டியிருக்கும். கம்ப்ரஸரின் ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் உறிஞ்சும் காற்றின் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. காற்று போதாவிட்டால் முதல் இரண்டு வரிசை அருமையாக வரும், மூன்றாவது வரிசையில் அழுத்தம் இறங்கித் துளி பெரிதாகி, ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம்) விழும். குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி கன் அல்லது மினி கன் இந்த இடத்தில் கைகொடுக்கும். கிளியருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் (கன்னின் முனைத் துளை) போதும். அழுத்தத்தை எப்போதும் ட்ரிக்கரை இழுத்துப் பிடித்தபடி கன்னின் அடியில் அளக்க வேண்டும். தொட்டியில் இருக்கும் மீட்டர் சொல்வது வேறு, நீண்ட ஹோஸைக் கடந்து கன்னுக்கு வருவது வேறு. எச்.வி.எல்.பி கன்கள் பலவற்றுக்கு இந்த அழுத்தம் 1.8 முதல் 2 பார் வரை இருக்கும்; உங்கள் கன்னோடு வந்த தாளில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை.

காற்றை அழுத்தும்போது சூடாகிறது, ஹோஸில் போகும்போது ஆறுகிறது, ஆறும்போது தண்ணீர் விடுகிறது. அந்தத் தண்ணீர் கிளியருக்குள் போனால் ஹார்ட்னர் அதோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடும். படலத்துக்குள் நுண்ணிய குமிழாகவும் மங்கலாகவும் அது தெரியும். தொட்டியை அடிப்பதற்கு முன் வடித்துவிடுங்கள். தண்ணீர் வடிகட்டியைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டினால் காற்று அங்கே இன்னும் சூடாக இருக்கும், தண்ணீர் பிரியாமல் கடந்து போய்விடும். சில மீட்டர் குழாய் தள்ளி மாட்டினால்தான் அது உருப்படியாக வேலை செய்யும்.

கலப்பதற்கு என்னிடம் விகிதம் கேட்காதீர்கள். இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு கிளியருக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒவ்வொரு தயாரிப்புக்கும் தொழில்நுட்பத் தாள் என்று ஒன்று உண்டு, இணையத்திலேயே கிடைக்கும். விகிதம், நாசில், அழுத்தம், கோட்டுகளுக்கு இடையிலான நேரம், எப்போது தேய்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. காணொளியில் ஒருவர் சொல்வதும் தாள் சொல்வதும் மோதினால் தாளைக் கேளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது ஒரு பழைய கெட்ட பழக்கம். வினைக்கு வேண்டிய அளவைத் தாண்டிய ஹார்ட்னர் படலத்தை நொறுங்கும்படி ஆக்கும், சில சமயம் மென்மையாகவே விட்டுவிடும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்றே வேகமான, நடுத்தர, மெதுவான ஹார்ட்னரும் தின்னரும் விற்கிறார்கள். வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வசதியான வெப்பநிலை. 15-க்குக் கீழே வினை மந்தமாகிவிடும். 30-ஐத் தாண்டினால் துளிகள் பரவிச் சமமாவதற்குள் இறுகத் தொடங்கும், கோப்பையில் இருப்பதும் சீக்கிரம் கெட்டியாகும். இங்கே காற்றின் வெப்பத்தைவிடத் தகட்டின் வெப்பம்தான் முக்கியம். வெயிலில் நின்ற பானெட்டை உள்ளே தள்ளி உடனே அடித்தால் என்ன தின்னர் போட்டாலும் பயனில்லை.

பழகுவதற்கு உங்கள் பானெட்டைத் தொடவேண்டாம். கன்னில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு அட்டையில் அடித்துக் கைவேகத்தைப் பழகுங்கள். பிறகு பழைய இரும்புக் கடையில் ஒரு கதவோ பானெட்டோ வாங்கி, கறுப்பு அடித்து, அதில் கிளியர் அடியுங்கள். கறுப்பு எதையும் மறைக்காது. அந்தத் தகட்டைப் படுக்க வைத்துப் பாதி, நிறுத்தி வைத்துப் பாதி அடித்துப் பாருங்கள். படுத்த தகட்டில் எல்லோரும் நன்றாகவே அடிப்பார்கள். நிற்கும் தகட்டில்தான் கை தெரியும். ஒவ்வொரு முறையும் காரில் கன்னைத் திருப்புவதற்கு முன் மாஸ்கிங் காகிதத்தில் (பெயிண்ட் படாமல் மூட ஒட்டும் காகிதம்) தூவலின் விசிறி வடிவத்தைச் சோதியுங்கள். கன்னின் முனையிலுள்ள ஏர் கேப்பைக் கால் சுற்றுத் திருப்பி, விசிறி கிடைமட்டமாக விழும்படி வைத்து, ஒரே இடத்தில் வழிய ஆரம்பிக்கும்வரை அடியுங்கள். வழியும் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் கன் சரி. நடுவில் மட்டும் நீளமாக இறங்கினால் காற்றுக்குத் திரவம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் கேப்பின் துளையில் ஏதோ அடைத்திருக்கிறது.

தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிக் கதை. சிலிக்கான் கலந்த பாலிஷ், டயர் பளபளப்பி எதையும் அந்த அறையில் திறக்காதீர்கள். ஃபிஷ் ஐ எனப்படும் வட்டப் பள்ளங்கள் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன. எண்ணெய் எடுக்கும் திரவத்தை ஒரு துணியால் பூசி, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அப்படியே காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே திரும்பப் படியும். பேஸ் கோட் முழுவதும் பளபளப்பில்லாமல் ‘மேட்’ ஆக மாறிய பிறகுதான் கிளியர். அவசரப்பட்டு ஈரப் பேஸ் மேல் அடித்தால் கரைப்பான் கீழே மாட்டிக்கொண்டு பிறகு குமிழாகக் கிளம்பும். அதிகம் தள்ளிப்போட்டாலும் தவறு. பல பேஸ் கோட்டுகளுக்கு 24 மணி நேரம் மாதிரி ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டினால் லேசாகத் தேய்த்து இன்னொரு மெல்லிய பேஸ் அடித்துவிட்டே கிளியர் அடிக்க வேண்டும். மெட்டாலிக் பேஸில் தூசி விழுந்ததென்று அந்த இடத்தை மட்டும் தேய்த்து நேராகக் கிளியர் அடித்தால், கலைந்த அலுமினியத் துகள் திட்டாகத் தெரியும். கிளியர் எதையும் மூடாது, இருப்பதை இன்னும் பளிச்சென்று காட்டும்.

இனி அடிப்பது. தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், கன் தகட்டுக்கு நேர்க்குத்தாக, மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து நகர்த்த வேண்டும், ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும், ட்ரிக்கரைத் தகட்டின் ஓரத்துக்கு வெளியே பிடித்து வெளியே விட வேண்டும். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் அறிவுரை. எண்களை மனப்பாடம் செய்த பிறகும் புதியவர்களுக்கு ஏன் வரவில்லை என்றால், அவர்கள் கன்னைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கன்னுக்குப் பின்னால் விழும் ஈரத்தில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பை. ஒரு டியூப் லைட்டைப் பக்கவாட்டில், தகட்டில் அதன் பிம்பம் உங்கள் கண்ணுக்கு விழும்படி வையுங்கள். கன் கடந்ததும் அந்த வெள்ளைக் கோடு முதலில் பொடிப்பொடியாக உடைந்திருக்கும். ஓரிரு நொடியில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோட்டின் ஓரம் நேராகும். அப்படிச் சேர்ந்தால் உங்கள் வேகம் சரி. பொடியாகவே நின்றால் மெலிதாகப் போட்டிருக்கிறீர்கள்: வேகத்தைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் கிட்டப் போங்கள், அல்லது கன்னின் திரவத் திருகைக் கால் சுற்றுத் திறவுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோடு உடனே நேராகி, பிறகு மெல்லக் கீழ்நோக்கி வளைய ஆரம்பித்தால் அது வழியப்போகிறது, அடுத்த வரிசையை வேகமாக இழுங்கள். இந்தப் பார்வை வந்துவிட்டால் கன் எந்த விலையில் இருந்தாலும் சமாளிக்கலாம்.

முதல் கோட் கிளியரை நடுத்தர ஈரமாக, இரண்டாவதை முழு ஈரமாகப் போடுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பான முறை. இடையில் எவ்வளவு நேரம் என்று தாள் சொல்லும், பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது. பானெட்டின் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பில் விழுந்திருக்கும் கிளியரைக் கையுறை விரலால் தொடுங்கள். விரலை எடுக்கும்போது நூல் மாதிரி இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். இழுபடாமல் ஒட்டிமட்டும் விட்டால், விரல்தடம் அப்படியே நின்றால், இரண்டாம் கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது. பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் கிளியர் இழுத்துக்கொண்டு மெலிதாகும், அதன் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும். வழிவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வழிந்துவிட்டால் தொடாதீர்கள். பூச்சி விழுந்தாலும் அப்படித்தான். ஈரத்தில் விரல் வைத்தால் ஒரு புள்ளியாக இருந்தது ஒரு சாண் வேலையாகிவிடும்.

இப்போது தேய்ப்பு. இங்கே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முழு ஈரக் கோட்டு காய்ந்த பிறகு 50 முதல் 60 மைக்ரான் வரும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தப் படலத்துக்குள்தான் உங்கள் தேய்ப்பு முழுவதும் நடக்கிறது. கீழே எவ்வளவு மீதியிருக்கிறதோ அவ்வளவுதான் இனி வெயிலைத் தாங்கும். மெலிதாகப் போட்டு, ஆரஞ்சு பீலை முழுக்கச் சமமாக்கித் தேய்த்தால் ஒரு மாதம் கண்ணாடியாக இருக்கும், சில வருடத்தில் மறுபடியும் உரியும். நீங்கள் கேட்ட ‘எந்தக் காம்பவுண்ட்’ என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். நல்ல கம்பெனி எதுவானாலும் சரி. தேய்த்து முழுவதும் சமமாக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால், தாள் அனுமதிக்கும்பட்சத்தில் மூன்றாவது கோட் போடுங்கள். அதற்குமேல் ஒரே நாளில் ஏற்றினால் கரைப்பான் உள்ளே மாட்டும்.

தொழில்நுட்பத் தாள் சொல்லும் நேரம் கடந்த பிறகு, முதலில் வழிந்த இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டி, வழிந்த மேட்டை மட்டும் கத்தியாலோ சின்ன அரத்தாலோ சுரண்டி, டேப்பை எடுத்துவிட்டுக் கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சமமாக்குங்கள். பிறகு முழுப் பரப்புக்கும் 1500 எண் வாட்டர் பேப்பர், பிறகு இன்னும் நைசான 2000, 3000 என்று போகலாம். வாட்டர் பேப்பரை வெறும் விரலால் அழுத்தினால் விரல் தடத்திலேயே பள்ளம் விழும், கட்டை வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்ததும் ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். தேய்ந்த மேடு மங்கலாக, பள்ளம் பளபளக்கும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் குறையக் குறைய அடிமட்டத்துக்கு நெருங்குகிறீர்கள். கடைசிப் புள்ளி மறையும்வரை தேய்க்க ஆசை வரும். அங்கங்கே கொஞ்சம் மிஞ்சட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது, தொழிற்சாலையிலிருந்து வரும் காரிலேயே லேசான ஆரஞ்சு பீல் இருக்கிறது. தண்ணீர் காரின் நிறத்தில் கலங்கினால் நிறுத்துங்கள், கிளியர் முடிந்து பேஸுக்கு வந்துவிட்டீர்கள். இனி எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பேஸும் கிளியரும் அடித்தே ஆகவேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் முன்கூட்டியே டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் இந்த விபத்து பெரும்பாலும் நடக்காது.

3000-த்தில் முறையாகத் தேய்த்த பரப்புக்குக் காம்பவுண்ட் கொஞ்சம் போதும். சுழலும் ரோட்டரி மிஷின் வேகமாக வெட்டும், ஓரத்தில் ஒரு நொடி நின்றால் சூட்டில் எரித்துவிடும். புதியவர்களுக்கு அதிர்ந்து சுழலும் டூயல் ஆக்ஷன் மிஷினே நல்லது, நேரம் கூட ஆகும் அவ்வளவுதான். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, தனி விளக்கில் சாய்வாகப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை சந்தேகமில்லாதவை. பெயிண்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத சில விஷயங்களும் உண்டு. எப்போது பாலிஷ் செய்வது என்பது ஒன்று. அடுத்த நாளே செய்தால் கிளியர் மென்மையாக இருக்கும், கை வலிக்காது. ஆனால் உள்ளே மிஞ்சிய கரைப்பான் மெல்ல வெளியேறும்போது படலம் சுருங்கி, இரண்டு வாரத்தில் பளபளப்பு ஒரு படி இறங்கலாம், தேய்த்த கீறல் மறுபடி தெரியலாம். பல நாள் காத்திருந்தால் அது குறையும், ஆனால் கிளியர் கல்லாகிவிடும். சுட்டு இறுக்கும் பூத் இல்லாத வீட்டில், அவசரம் எதுவும் இல்லையென்றால், நான் காத்திருக்கச் சொல்வேன். தரையை நனைப்பது இன்னொன்று. தூசி எழாது என்பது உண்மை, ஈரப்பதம் கூடுவதும் உண்மை. முந்தின நாளே நன்றாகக் கழுவிவிட்டு, அடிக்கும் நாளில் லேசாகத் தெளிப்பது நடுவழி. மெழுகை எப்போது போடலாம் என்பதற்கு 30 நாள் முதல் 90 நாள் வரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்று சொல்கிறது, இதில் பொறுமையாக இருப்பவருக்கு நஷ்டம் இல்லை. கிளியரைப் பானெட்டின் நடுவிலேயே கரைத்து முடிக்கும் பிளெண்டிங் திரவத்தைச் சிலர் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. அந்த ஓரம் மிக மெலிதானது, வெயிலில் முதலில் விடுவது அதுதான். எப்போதும் பானெட்டும் அடுத்த தகடும் சந்திக்கும் இடுக்குவரை அடித்து முடியுங்கள்.

இந்தப் பதில் எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பானெட்டை நான் பார்க்கவில்லை. உரிந்த இடத்தில் பழைய பட்டியோ (பள்ளம் நிரப்பும் பசை) துருவோ இருந்தால் வேலையின் தொடக்கமே மாறும். மேட் கிளியர் என்றால் தேய்ப்பதும் பாலிஷும் அறவே கூடாது, விழுந்த தூசி விழுந்ததுதான். மூன்று அடுக்கு முத்து நிறங்களில் நிறம் பொருந்துவதே பெரிய பாடு, முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள். பானெட் நன்றாக வந்ததென்று அடுத்து முன் பம்பரில் கை வைப்பதற்கு முன், அதற்குப் பின்னால் ரேடார் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே எத்தனை அடுக்கு, எவ்வளவு தடிமன் பெயிண்ட் இருக்கலாம் என்று கார் கம்பெனி வரம்பு வைத்திருக்கும். காந்தமுறையில் அளக்கும் சாதாரண தடிமன் மீட்டர் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது என்பதால், அந்தப் பம்பரை மட்டும் பூத்துக்கு அனுப்பிவிடுவதுதான் என் யோசனை.